கருமுகிலைப் படித்தவர்கள்

பங்குனி முன்னிரவில் பாப்பாரப்பட்டிக்கு வெளியே, கேழ்வரகு அறுத்து வெறுமையாகக் கிடக்கும் மேட்டு நிலத்தில் நின்று தெற்கே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அகத்திய விண்மீன். அதற்கு இடப்பக்கம், அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில், நீல வெண்மையாக இன்னொன்று எரிகிறது. வானியலார் அதைக் காமா வேலோரம் என்பார்கள். லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தர்மபுரி மாவட்டத்துக்கோ ஆண்டுதோறும் பல மாதம் தவறாமல் வந்து போகிறது.

வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அந்த ஒளியில் பெரும்பங்கைத் தருபவை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு பெருவிண்மீன்கள். ஒன்றின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. மற்றது இப்போது 9 மடங்கு. பிறந்தபோது அதுதான் பெரியது. தன் மேலுறையைக் காற்றாக வீசியெறிந்து வீசியெறிந்தே இப்படித் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சூரியனைவிட லட்சம் மடங்குக்கு மேல் ஒளி கொட்டுகின்றன. சூரியனின் ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டு என்றால் இவற்றின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். இத்தனை பெரிய உடல், இத்தனை அவசரமான வாழ்க்கை எங்கிருந்து தொடங்குகிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் கொடைக்கானலும் காவலூரும் சென்னையும் பெங்களூரும் வருகின்றன. காவலூர் பாப்பாரப்பட்டியிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

பாப்பாரப்பட்டி என்றதும் தமிழர்களுக்குச் சுப்பிரமணிய சிவாதான் நினைவுக்கு வருவார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்ற கனவோடு இங்கே ஆசிரமம் அமைத்த சிவா, தொழுநோயோடு போராடி 1925 ஜூலை 23 அன்று இந்த ஊரிலேயே காலமானார். அதே 1925இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் என்ற இருபத்தைந்து வயதுப் பெண் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தன் முடிவையே நம்பத்தகாதது என்று பெய்ன் எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். சிவா கண்மூடிய ஆண்டில் விண்மீன் எதனால் ஆனது என்பதிலேயே இத்தனை தகராறு என்றால், அது எப்படிப் பிறக்கிறது என்று கேட்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

தமிழகத்தில் வானத்தை அளக்கும் தொழில் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியது. தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய பதினைந்தடி கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது; அதில் பொறித்த செய்தியைத் தமிழிலும் படிக்கலாம். அங்கே டி.ஜி. டெய்லர் சுமார் 11,000 விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்து 1844இல் பட்டியலாக வெளியிட்டார். நார்மன் போக்சன் 1861இல் ஆசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல், ஒளி கூடிக் குறையும் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனைக் கண்டறிந்தார். அத்தனையும் ஒளிர்பவற்றைப் பற்றிய கணக்கு. ஒளிராத இடத்துக்குப் பட்டியலில் வரிசை எண் ஏது? உலகம் முழுக்க அப்போது நிலைமை அதுதான்.

ஒளிராத இடங்கள் கண்ணில் படாமல் இல்லை. பால்வெளிப் பட்டையில் ஆங்காங்கே கருமையான திட்டுகள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹெர்ஷல் அவற்றை விண்மீன்களே இல்லாத வெற்றிடம் என்று எண்ணினார். நூறாண்டுக்கும் மேலாக அந்த எண்ணம் நிலைத்தது. அமெரிக்காவில் எட்வர்ட் பர்னார்ட் இரவிரவாகப் பால்வெளியைப் படமெடுத்தார். அவரும் நெடுங்காலம் அவற்றை ஓட்டைகள் என்றே நம்பினார். படங்கள் சேரச் சேர அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஓட்டையாக இருந்தால் அவ்வளவு கூர்மையான விளிம்பு எப்படி வரும்? நெபுலா எனப்படும் ஒளிரும் வாயுமுகிலுக்குக் குறுக்கே கரும்பட்டை எப்படி ஓடும்? 1919இல் 182 கரும்பொருள்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். இருட்டுக்கு முதல்முறையாக வரிசை எண் கிடைத்தது அன்றுதான். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர், விண்மீன்களுக்கு இடையே தூசி பரவிக் கிடந்து ஒளியை மறைக்கிறது என்று அளந்து காட்டியபின் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

1947இல் ஹார்வர்டின் பார்ட் பாக், எடித் ரெய்லியுடன் சேர்ந்து அடுத்த அடியை வைத்தார். சிறிய, வட்டமான, அடர்ந்த கருங்குமிழ்கள் விண்மீன்களின் கருப்பைகளாக இருக்கலாம் என்றார். ஆதாரம் கையில் இல்லாத ஊகம் அது. ஆனால் துணிச்சலான ஊகம்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய இளைஞர், தான் எடுத்த புகைப்படத் தட்டு ஒன்றில் புதிய வால்மீன் பதிந்திருப்பதைக் கண்டார். அதை உறுதி செய்ய உதவியவர்கள் அதே பார்ட் பாக்கும் கார்டன் நியூகிர்க்கும். 1949இன் அந்த வால்மீனுக்குப் பாப்பு–பாக்–நியூகிர்க் என்றே பெயர் நிலைத்தது. அந்த இளைஞர் மணாலி கல்லாட் வைணு பாப்பு. ஹைதராபாத்தில் வளர்ந்து, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர். தமிழகத்தின் நவீன வானியலைப் பற்றி எழுதும் எவரும் அவரைச் சுற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கொடைக்கானல் அதுவரை சூரியனைப் பார்க்கும் இடம். இரவிலும் அங்கே வேலை நடக்க வேண்டும் என்பது பாப்புவின் பிடிவாதம். பெருவிண்மீன்களில் மிக விசித்திரமான உல்ஃப்–ராயே வகை அவருக்குப் பிடித்தமான பொருள்; மேலுறையை இழந்து, உள்ளே வெந்த பகுதி வெளியே தெரிய நிற்கும் முதிய ராட்சதர்கள் அவை. வானத்தில் அந்த வகையில் மிகப் பிரகாசமானது காமா வேலோரத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய தொலைநோக்கிகளுக்கு எட்டாதது கொடைக்கானலின் தென்வானில் எளிதாக எட்டியது. கே.எஸ். கணேஷும் பாப்புவும் அதன் நிறமாலையைத் தொடர்ந்து பதிவுசெய்து, இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர 78.5 நாள் ஆகிறது என்று 1967இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் மிக நுட்பமான கருவிகளோடு வந்தவர்களும் அந்த 78.5ஐ மாற்றவில்லை. ஒரு ராட்சதனை எடைபோட அதன் சுற்றுக்காலம் தெரிந்தாக வேண்டும். அந்த அளவுகோலைக் கொடைக்கானல் மலை உலகத்துக்குக் கொடுத்தது.

கொடைக்கானலில் மேகம் தொல்லை. இரவு வானத்துக்கு வேறு இடம் தேடிய பாப்பு, ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் சந்தனமரக் காடு, அன்றைக்கு விளக்கொளி அதிகமில்லாத ஊர்கள். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி அங்கே வேலையைத் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் ஸைஸ் தொலைநோக்கி வந்தது. வந்த ஆண்டே வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவுசெய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டியது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. முழுக்க இந்தியாவிலேயே உருவான 2.3 மீட்டர் தொலைநோக்கி பாப்புவின் கனவு. அது நிறைவேறுமுன் 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் அவர் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தபோது வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

இத்தனை பெருமையும் முதிர்ந்த விண்மீன்களைப் பற்றியது. பிறப்பைப் பார்க்கக் காவலூரின் கண்ணாடிக்கும் வழியில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சேர்க்கும் தொலைநோக்கி எவ்வளவு பெரிதானாலும் கருமுகிலுக்கு முன்னால் குருடுதான். தூசி அப்படி மறைத்துக்கொள்கிறது.

அந்தக் கருமுகிலுக்குள் என்ன இருக்கிறது? பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு, கொஞ்சம் ஹீலியம், நிறையில் நூற்றில் ஒரு பங்கு தூசி. தூசி என்றால் தெருப்புழுதி அல்ல. ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வெப்பநிலை பத்திலிருந்து இருபது கெல்வின். அதாவது உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ். வெளியிலிருந்து விண்மீன் ஒளி நுழைய முடியாததால்தான் அந்தக் குளிர். காஸ்மிக் கதிர்கள் மட்டும் ஊடுருவிச் சிறிது சூடாக்குகின்றன. மூலக்கூறுகள் சுழன்றபடியே அந்தச் சூட்டையும் மில்லிமீட்டர் அலைகளாக வெளியே அனுப்பிவிடுகின்றன. அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் மூலக்கூறு. நாம் மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. பூமியில் வெற்றிடம் என்று நாம் சொல்வதைவிடவும் வெறுமையான ஒன்றுதான் விண்வெளிக் கணக்கில் மிக அடர்ந்த முகில். ஆனால் அது ஒளியாண்டுக் கணக்கில் பரந்து கிடக்கிறது. அதனால் அதற்குள் ஆயிரம் சூரியனுக்கான சரக்கு அடங்கிவிடுகிறது.

குளிர் ஏன் வேண்டும் என்பதை ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902லேயே கணக்கிட்டிருந்தார். வாயுவின் சூடு வெளியே தள்ளுகிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. சூடு குறையக் குறைய ஈர்ப்பின் கை ஓங்கும். ஒரு வரம்பைத் தாண்டினால் முகில் தன்மேல் தானே சரியத் தொடங்கும். அண்டத்தின் மிகச் சூடான விண்மீன்கள் அண்டத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் பிறந்தாக வேண்டும் என்பது இந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

அதே சமன்பாடு ஒரு பெரிய சிக்கலையும் கொண்டுவந்தது. பத்துப் பதினைந்து கெல்வின் குளிரும் அந்த அடர்த்தியும் இருந்தால் சரியக்கூடிய துண்டின் நிறை ஏறத்தாழ ஒரு சூரியன்தான் வருகிறது. அப்படியானால் ஆயிரம் சூரிய நிறையுள்ள முகில் ஆயிரம் சின்ன விண்மீன்களாகச் சிதறிவிட வேண்டும். முப்பது மடங்கு நிறையுள்ள ஒன்று அங்கே எப்படி முளைக்கும்? எட்டு மடங்கு சூரிய நிறைக்கு மேற்பட்டவற்றைத்தான் வானியலார் பெருவிண்மீன் என்பார்கள். பிறக்கும் விண்மீன்கள் நூற்றில் ஒன்றுகூட அந்த வகையில் தேறாது. அபூர்வம் என்றாலும் பிறக்கத்தானே செய்கின்றன.

விடைக்கான இரண்டு இழைகளைக் கொடுத்தவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரைச் சொன்னால் விண்மீனின் இறப்பும் 1.4 சூரிய நிறை என்ற வரம்பும்தான் பலருக்கும் நினைவு வரும். பிறப்பைப் பற்றி அவர் செய்த வேலை தமிழில் அதிகம் பேசப்படாதது ஒரு குறைதான். ஜீன்ஸின் கணக்கில் முகில் அசையாமல் நிற்கிறது. 1951இல் சந்திரசேகர் அதில் கொந்தளிப்பைச் சேர்த்தார். வாயு தனக்குள்ளேயே அலைமோதிக்கொண்டிருந்தால் அந்த மோதலும் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். சரிவதற்கு முன் இன்னும் அதிகச் சரக்கு சேர இடம் கிடைக்கும். 1953இல் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து காந்தப்புலத்தையும் சேர்த்தார். விண்வெளியின் காந்தப்புலத்தை நேரே அளப்பது மிகக் கடினம். இருவரும் ஒரு குறுக்குவழி கண்டார்கள். புலம் வலுவாக இருந்தால் அதன் கோடுகள் ஒழுங்காக நிற்கும். பலவீனமாக இருந்தால் கொந்தளிப்பு அவற்றைக் கலைத்துவிடும். தூசியைக் கடந்துவரும் ஒளியின் முனைவாக்கம், அதாவது அதன் அலைகள் ஒரு திசையில் அதிகமாக அதிர்வது, அந்தக் கோடுகளின் திசையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே திசைகள் எவ்வளவு கலைந்திருக்கின்றன என்று பார்த்தே புலத்தின் வலிமையைச் சொல்லிவிடலாம்.

காகிதத்தில் எழுதிய இந்த வழியைக் கருமுகிலின் நெஞ்சுக்குள் சோதிக்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டுமே.

முதல் சன்னல் மார்கழித் திருவாதிரைக்கு நாம் வணங்கும் ஆதிரை இருக்கும் ஓரியன் கூட்டத்தில் திறந்தது. ஆதிரையே ஒரு முதிய பெருவிண்மீன். அதற்குத் தெற்கே சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் ஓரியன் நெபுலா ஒளிர்கிறது. 1967இல் எரிக் பெக்லினும் ஜெர்ரி நியூகெபவரும் அகச்சிவப்புக் கருவியால் அந்த நெபுலாவைத் துழாவினார்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு பொருள் அகப்பட்டது. தூசிக்குள் புதைந்த ஓர் இளம் பெருவிண்மீன் அது. 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அதே ஓரியனில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு உமிழும் 2.6 மில்லிமீட்டர் அலையைப் பிடித்தார்கள். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறத்தாழ ஊமை. தன் இருப்பைச் சொல்லாது. அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அதற்காகப் பேசுகிறது. முகில் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் அசைகிறது என்று அன்றுமுதல் படிக்க முடிந்தது.

அந்தப் பேச்சைக் கேட்கும் காது ஒன்று 1980களில் பெங்களூரிலும் அமைந்தது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில், அவர் மகன் வி. ராதாகிருஷ்ணன் இயக்குநராக இருந்தபோது, 10.4 மீட்டர் மில்லிமீட்டர்–அலைத் தொலைநோக்கி எழுந்தது. காற்றின் ஈரம் இந்த அலையை உறிஞ்சிவிடும். ஈரம் குறைந்த மாதங்களில்தான் வேலை ஓடும். அந்தத் தொலைநோக்கியை வைத்து டி.கே. ஸ்ரீதரன் ஆராய எடுத்துக்கொண்டவை கம் நெபுலாவில் இருக்கும் வால்முளைத்த கருங்குமிழ்கள். அந்த நெபுலாவுக்குள்தான் காமா வேலோரம் இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட குமிழ்கள், எல்லாம் தலையை ஒரே மையத்தை நோக்கியும் வாலை வெளிப்புறமாகவும் நீட்டி நிற்கின்றன. கார்பன் மோனாக்சைடு அலையில் அவற்றின் வேகத்தை அளந்த ஸ்ரீதரன், அவை ஒரு பொது மையத்திலிருந்து நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகின்றன என்று 1992இல் எழுதினார். பெருவிண்மீன்கள் பிறந்தபின் தங்களைப் பெற்ற முகிலையே எப்படிக் கிழித்துச் சிதறடிக்கின்றன என்பதற்கு இது கண்கூடான சாட்சி. இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் எச்.சி. பட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இத்தகைய குமிழ்களின் ஓரங்களில் ஒளியின் முனைவாக்கத்தை அளந்து, காந்தப்புலத்தின் திசையைத் தேடினார்கள்.

இன்னொரு முயற்சி ஹைதராபாத்தில். இருபது கெல்வின் குளிரில் இருக்கும் தூசி அதிகமாக உமிழ்வது 150 மைக்ரான் அளவுள்ள தொலை அகச்சிவப்புக் கதிர். அது தரைக்கு வருமுன் வளிமண்டல ஈரம் அத்தனையையும் விழுங்கிவிடும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பலூனில் கட்டி முப்பது கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பினார்கள். தூசியின் மெல்லிய சூட்டை உணர, உணர்கருவிகளை அதைவிடக் குளிராக, 0.3 கெல்வினுக்கு, இறக்கி வைத்தார்கள். இரவு முழுக்க முகில்களைப் படமெடுத்த பின் கருவி பாராசூட்டில் எங்காவது வயற்காட்டில் இறங்கும். தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, பழுது பார்த்து மறுபடியும் அனுப்புவார்கள். டி.என். ரெங்கராஜன், எஸ்.என். டண்டன், ஆர்.பி. வர்மா, எஸ்.கே. கோஷ் போன்றோரின் உழைப்பில் பெருவிண்மீன்கள் பிறக்கும் பல முகில்களின் தூசிப் படங்கள் இப்படித்தான் கிடைத்தன. செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவில் சிறு பங்கில் இதைச் சாதித்தவர்களை இன்னும் நிறையப் பேர் அறிந்திருக்க வேண்டும்.

1990களின் நடுவில் ஆட்டம் மாறியது. ஐரோப்பாவின் ஐசோ விண்கலமும், ஏவுகணைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய எம்எஸ்எக்ஸ் செயற்கைக்கோளும் பால்வெளித் தளத்தை நடு அகச்சிவப்பில் படமெடுத்தன. தூசியை ஊடுருவும் என்று நம்பிய அந்தக் கதிரிலும் கருப்பாகவே நிற்கும் முகில்கள் தென்பட்டன. சாதாரணக் கருங்குமிழ் அந்தக் கதிரில் கரைந்து போய்விடும். இவை கரையவில்லை என்றால் எத்தனை அடர்த்தியாக இருக்க வேண்டும்! 1998இல் ஏறத்தாழ இரண்டாயிரம் தேறின. 2006க்குள் பட்டியல் பத்தாயிரத்தைத் தாண்டியது. பாக் சொன்ன சிறு குமிழ்களில் சூரியனைப் போன்ற சின்ன விண்மீன்களே உருவாகும். பெருவிண்மீனுக்கான தொட்டில் இந்த அகச்சிவப்புக் கருமுகில்கள்தான் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

பெங்களூரில் கருங்குமிழ்களோடு பழகிய ஸ்ரீதரன் அப்போது ஹார்வர்ட்–ஸ்மித்ஸோனியன் மையத்தில் இருந்தார். பெய்னும் பாக்கும் பாப்புவும் இருந்த அதே கேம்பிரிட்ஜ் நகரம். 2002இல் ஹென்றிக் பாய்தர் முதலானோருடன் சேர்ந்து, பெருவிண்மீன் கருவாக இருக்கக்கூடிய 69 பொருள்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். அவையெல்லாம் ஏற்கெனவே உள்ளே சூடேறத் தொடங்கியவை. பட்டியலுக்காக எடுத்த 1.2 மில்லிமீட்டர் படங்களை எம்எஸ்எக்ஸ் படங்களோடு ஒப்பிட்டபோது ஒன்று புலப்பட்டது. சூடான கருவுக்குப் பக்கத்திலேயே, மில்லிமீட்டர் அலையில் நன்றாகத் தெரியும், ஆனால் அகச்சிவப்பில் கருப்பாகவே நிற்கும் கட்டிகள் இருந்தன. சில நூறிலிருந்து ஆயிரம் சூரிய நிறை வரை சரக்கு. ஆனால் உள்ளே எதுவும் எரியவில்லை. அமோனியா மூலக்கூறின் அலையை வெப்பமானியாக வைத்துப் பார்த்தால் வெப்பநிலை பதினைந்து கெல்வின் அளவில் இருந்தது. கொந்தளிப்பும் பக்கத்துச் சூடான கருவில் இருப்பதைவிடக் குறைவு. விண்மீனுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் கருக்கள் என்று 2005இல் அவற்றை அறிவித்தார்கள். பெருவிண்மீனின் கதையில் முதல் பக்கம் என்று சொல்லத் தகுந்த ஒன்று அப்போதுதான் கைக்கு வந்தது.

சரிவு தொடங்கியபின் நடப்பது இன்னொரு போராட்டம். சூரியனைப் போன்ற சின்ன விண்மீன் நிதானமாகச் சுருங்கி, பல கோடி ஆண்டு கழித்து நிலையாக ஹைட்ரஜன் எரிக்கும் நிலைக்கு வரும்; அதற்குள் சுற்றியிருந்த முகில் கலைந்து போயிருக்கும். பெருவிண்மீனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டிலேயே, மேலிருந்து சரக்கு கொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எரியத் தொடங்கிவிடும். அந்த ஒளி தூசியை வெளியே தள்ளும். இருபது முப்பது சூரிய நிறையை எட்டும்போது ஒளியின் தள்ளல் உணவையே நிறுத்திவிட வேண்டும் என்று 1970களில் கணக்குகள் காட்டின. அதைவிடப் பெரிய விண்மீன்களோ வானத்தில் எண்ணிறந்து நிற்கின்றன. கணக்கில் விட்டுப்போனது சுழற்சி. விழும் வாயு நேராக விழாமல் வட்டத்தகடாகச் சுழன்று, தகட்டின் வழியே உள்ளே போகிறது. மேலும் கீழும் பீறிடும் தாரைகள் முகிலில் துளையிட்டு வைக்க, அடுப்புப் புகை கூரைப் புகைபோக்கி வழியே போவதுபோல ஒளி அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. 2009இல் மார்க் கிரம்ஹோல்ஸ் குழுவினர் முப்பரிமாணக் கணினிக் கணக்கில் நாற்பது சூரிய நிறைக்கும் மேலே வளர முடியும் என்று காட்டினார்கள்.

மிச்சமிருந்த தகராறு சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது. கிறிஸ்டோபர் மெக்கீயும் ஜோனதன் டானும் 2003இல் முன்வைத்த கருத்துப்படி, பெருவிண்மீனுக்கு வேண்டிய அத்தனையும் முதலிலேயே ஒரு பெரிய கருவில் சேர்ந்துவிடுகிறது. கொந்தளிப்பும் காந்தப்புலமும் அது சிதறாமல் தாங்குகின்றன. இயன் பானல் முதலானோர் இதை மறுத்தார்கள். எல்லாக் கருக்களும் சின்னதாகவே தொடங்குகின்றன. முகிலின் நடுவில் இடம்பிடித்தது மட்டும் சுற்றிலுமிருந்து வாயுவை இழுத்து இழுத்துப் பெருக்கிறது என்பது அவர்கள் கட்சி. சுருங்கச் சொன்னால், பிறக்கும்போதே பணக்காரனா, வளர்ந்து பணக்காரனா என்பதுதான் வழக்கு.

2015இல் துஷாரா பிள்ளை தலைமையிலான குழு இரண்டு கருமுகில்களின் தூசி உமிழும் அலையின் முனைவாக்கத்தை எடுத்துக்கொண்டு, சந்திரசேகரும் ஃபெர்மியும் சொன்ன அதே வழியில் காந்தப்புலத்தைக் கணக்கிட்டது. ஒன்று பாம்புபோல் நெளியும் ஜி11.11 முகில், மற்றது பால்வெளி மையத்துக்கு அருகில் இருக்கும் செங்கல் என்ற முகில். இரண்டிலும் புலம் வலுவாக இருந்தது. கொந்தளிப்பால் அதைக் கலைக்க முடியவில்லை. 62 ஆண்டு கழித்தும் அந்தச் சூத்திரமே கைகொடுத்தது. பெரிய கரு சிதறாமல் நிற்கக் காந்தப்புலம் துணைபுரியும் என்பவர்களுக்கு அது நல்ல செய்தி.

மறுகட்சிக்குச் சாட்சி சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து வந்தது. 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆல்மா தொலைநோக்கித் தொகுதியைக் கொண்டு நிக்கோலா பெரெட்டோ குழு 2013இல் ஒரு தென்வானத்துக் கருமுகிலை ஆராய்ந்தது. முகிலின் இழைகள் பலவும் நடுவில் ஒன்றுகூடி, அங்கே 545 சூரிய நிறையுள்ள கருவை ஊட்டுகின்றன. ஆண்டுக்குச் சூரிய நிறையில் 400இல் ஒரு பங்கு வாயு மையத்தை நோக்கி ஓடுகிறது. முகில் முழுவதுமே சரிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

அதன்பின் பத்ரீசியோ சன்ஹுவேசா தலைமையில் ஒரு குழு, 70 மைக்ரான் கதிரிலும் கருப்பாக இருக்கும் மிக இளம் முகில்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஆல்மாவால் துழாவியது. 2019இல் வந்த முதல் முடிவில் 12 முகில்களில் 294 கருக்கள் இருந்தன. முப்பது சூரிய நிறையைத் தாண்டிய, இன்னும் விண்மீன் முளைக்காத கரு அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆய்வை 39 முகில்களுக்கு விரிவாக்கியபோது 2023இல் கருக்கள் 839 ஆயின. தேடிய பெரிய கரு அங்கும் அகப்படவில்லை. முதலிலேயே எல்லாம் சேர்ந்துவிடுகிறது என்ற கருத்துக்கு இது பலத்த அடி. ஸ்ரீதரன் 2005இல் காட்டிய நூற்றுக்கணக்கான சூரிய நிறையுள்ள கட்டிகளும் கூர்மையான பார்வையில் பல சிறு கருக்களின் கூட்டமாகப் பிரியக்கூடும் என்று இதிலிருந்து புரிகிறது. இப்போது ஆய்வாளர்கள் அந்தச் சிறு கருக்களைச் சுற்றியுள்ள இழைகளில் வாயு எந்த வேகத்தில் உள்ளே போகிறது என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். அந்த 839இல் எது ஒரு சூரியனோடு நின்றுவிடும், எது காமா வேலோரம்போல் முப்பது மடங்குக்கு வளரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல அவர்களிடம் இருக்கும் தடயம் அந்த ஓட்டத்தின் வேகமும் காந்தப்புலத்தின் திசையும்தான்.